பழைய சி10 பிக்கப்பில் 5.3 இன்ஜின்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பில், 1999 முதல் சில்வராடோ வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் வி8 இன்ஜினை ஏற்றுவது அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே நடக்கிற வேலை. எல்எம்7 என்ற அந்த இன்ஜினுக்கு பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அடிபட்ட வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் தாராளமாகக் கிடைக்கும், நன்றாகவும் உழைக்கும். மவுன்ட் வைக்க அடாப்டர் தகடுகள் ரெடியாகவே விற்கின்றன. ஏற்றி முடிக்க ஒரு வார இறுதி போதும். தலைவலி அதற்கு அப்புறம்தான்.

என் 1970 சி10இல் இன்ஜின் ஏற்றியபின் 3 வாரம் அது ஸ்டார்ட் ஆகவில்லை. சென்சார்களை மாற்றினேன், காயில்களை மாற்றினேன், இன்ஜினின் கணினியான ஈசிஎம்மையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் 50 வருஷம் பழைய ஒயர் ஒன்று. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அதன்பிறகு நண்பர்களின் வண்டிகளில் பார்த்ததும் இதேதான்: பழசும் புதுசும் கைகோக்கும் இடத்தில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். கரன்ட் நுழையும் இடம், பெட்ரோல் நுழையும் இடம், தண்ணீர் சுற்றும் இடம், எர்த் சேரும் இடம். எந்த அறிகுறி வந்தாலும் முதலில் அங்கே அளந்து பாருங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர், பெட்ரோல் பிரஷர் கேஜ், நேரலை எண்களைக் காட்டும் ஸ்கேனர் இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாமல் பார்ட் மாற்ற ஆரம்பித்தால் பணம்தான் கரையும்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் ஸ்கேனரைச் செருகி சாவியைத் திருப்புங்கள். ஈசிஎம் பேசுகிறதா? பேசவில்லை என்றால் சென்சார், ஸ்பார்க் எதையும் தொட வேண்டாம். ஈசிஎம்முக்குக் கரன்டோ எர்த்தோ போகவில்லை. அதற்கு இரண்டு வழியில் 12 வோல்ட் வேண்டும்: பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது ஒன்று, சாவியைத் திருப்பினால் வருவது ஒன்று. இரண்டுக்கும் உள்ள ஃபியூஸ்களைப் பாருங்கள்.

சாவி போட்டால் பேசுகிறது, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் தொடர்பு அறுகிறதா? அப்படியானால் சாவி வழி கரன்டை ரேடியோவுக்குப் போகும் ஆக்சசரி முனையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அந்த முனை செத்துவிடும். ஈசிஎம்முக்கு வரும் கரன்ட் சாவியின் ஓட்ட நிலையிலும் இருக்க வேண்டும், ஸ்டார்ட் நிலையிலும் இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. என்னை 3 வாரம் உட்கார வைத்தது இதுதான். பழைய பாயின்ட் இக்னிஷன் வண்டியில், காயிலுக்குப் போகும் ஒயர் சாதாரண ஒயர் அல்ல. காயில் கரன்டைத் திறந்து மூடும் பாயின்ட் கருகாமலிருக்க வேண்டுமென்றே தடை வைத்து செய்த ரெசிஸ்டன்ஸ் ஒயர். பார்க்க வாட்டமாக, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவரான ஃபயர்வாலில் தொங்குவதால் எல்லோரும் அதையே புது ஹார்னஸுக்கு, அதாவது இன்ஜினின் ஒயர் கட்டுக்கு, கொடுத்துவிடுகிறோம். மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். மீட்டர் கரன்டை இழுப்பதில்லை, அதனால் தடை தெரியாது. ஈசிஎம், இன்ஜெக்டர், காயில் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது அதே ஒயரில் வோல்டேஜ் படுத்துவிடும். எனவே லோடு கொடுத்து அளக்க வேண்டும். ஹார்னஸ் மாட்டியபடியே, ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் ஈசிஎம் ஃபியூஸில் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த ஒயரை விட்டுவிடுங்கள். அதை ஒரு ரிலேயைத் தூண்ட மட்டும் வைத்துக்கொண்டு, ரிலே வழியாக பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் கொடுங்கள்.

எர்த்தும் இதே மாதிரிதான். பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து ஃபிரேமுக்கு ஒன்று, ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து ஃபயர்வாலுக்கு ஒன்று, ஆக மூன்று கனமான எர்த் வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் இறுக்குங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்த எர்த் போதவில்லை.

கரன்ட் சரி. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் தெரிகிறதா? பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் வழியைப் பாருங்கள். அது செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்; மோட்டாரைக் கழற்றாமல் கை போகாது. சென்சார் புதிதாக இருந்தும் ஆர்பிஎம் வரவில்லை என்றால் ஜோடி பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) இன்ஜின்களில் கிராங்க்கில் உள்ள சக்கரத்துக்கு 24 பல், சென்சார் கருப்பு. பிந்தைய ஜென் 4 இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் 58 பல், சென்சார் சாம்பல் நிறம். ஒன்றின் ஈசிஎம்முக்கு மற்றதின் சிக்னல் புரியாது. யார்டில் இன்ஜின் ஒரு வண்டியிலிருந்தும் ஈசிஎம் இன்னொன்றிலிருந்தும் வாங்கினால் இது நடக்கும்.

ஆர்பிஎம்மும் வருகிறது என்றால் பிரஷர் கேஜை, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் மாட்டுங்கள். சாவி போட்டதும் பம்ப் சுமார் 2 நொடி ஓடி நிற்கும். அப்போது 58 பிஎஸ்ஐயை ஒட்டி வர வேண்டும். கார்பரேட்டருக்கு வைத்த பழைய பம்ப் 5 முதல் 7 பிஎஸ்ஐதான் தரும். அது இங்கே எந்த வகையிலும் உதவாது.

ஸ்டார்ட் ஆகிறது, 2 நொடியில் அணைகிறது

கேஜைக் கழற்றாமல் அப்படியே ஸ்டார்ட் செய்து முள்ளைப் பாருங்கள். இன்ஜின் அணையும்போது முள்ளும் கூடவே இறங்கினால் பெட்ரோல்தான் நிற்கிறது. ஈசிஎம்மிலிருந்து பம்ப் ரிலேக்கு வரும் ஒயர், ரிலே, பம்ப்பின் எர்த் மூன்றையும் பாருங்கள்.

முள் 58இலேயே நிற்க, இன்ஜின் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே கணக்கில் அணைகிறதா? அது திருட்டுத் தடுப்பு. இந்த ஈசிஎம் தன் பழைய வண்டியின் சாவிப் பூட்டிலிருந்து ஒரு அடையாளத்தை எதிர்பார்க்கிறது. அது வராததால் இன்ஜெக்டர்களை நிறுத்துகிறது. இதை ஒயரை வெட்டியோ ஒட்டியோ சரிசெய்ய முயல வேண்டாம். எச்பி டியூனர்ஸ், இஎஃப்ஐலைவ் போன்ற மென்பொருளால் ஈசிஎம்முக்குள் அந்த வசதியை அணைக்க வேண்டும். அதே அமர்வில் பின் ஆக்சிஜன் சென்சாரின் கோளாறுக் குறியீடுகளையும் (கோடு) எடுத்துவிட்டு, மின்விசிறிக் கட்டளையையும் போடச் சொல்லுங்கள். விசிறிக் கட்டளை பின்னால் தேவைப்படும்.

ஆயில் பிரஷர் வரவில்லை, அல்லது சூடானதும் விழுகிறது

இதற்கு மட்டும் பொறுமை காட்டாதீர்கள். முள் எழவில்லை என்றால் 10 நொடிக்குள் அணைத்துவிடுங்கள்.

பழைய ஷெவர்லே வி8இல் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி முன்கூட்டியே பிரஷர் ஏற்றுவோம். இதில் முடியாது, பம்ப்பை கிராங்க்கே நேராகச் சுற்றுகிறது. பல மாதம் சும்மா கிடந்த இன்ஜின் என்றால் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் ஃபியூஸையும் காயில் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். பிரஷர் தெரிந்த பிறகுதான் முதல் ஸ்டார்ட்.

ஸ்டார்ட் ஆனபின் பிரஷர் குறைவாக இருந்தால், முதலில் நம்ப வேண்டாதது கேஜ். பிரஷரை கேஜுக்குச் சொல்லும் பழைய சென்டரின் (sender) மரை அங்குலக் கணக்கு. புது பிளாக்கின் துளை எம்16. நடுவில் போட்ட அடாப்டருக்கு டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றியிருந்தால் சென்டருக்கே எர்த் கிடைக்காது, முள் தப்பாகக் காட்டும். ஒரு மெக்கானிக்கல் கேஜை நேராக மாட்டி அளந்துவிடுங்கள். நன்றாகச் சூடான நிலையில் கம்பெனி சொல்லும் குறைந்த அளவு 1,000 ஆர்பிஎம்மில் 6 பிஎஸ்ஐ, 2,000இல் 18, 4,000இல் 24. இதைப் பார்த்து 6 வந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. நல்ல இன்ஜின் சூட்டிலும் ஐடிலிங்கில் 25க்கு மேல் காட்டும்.

மெக்கானிக்கல் கேஜிலும் குறைவு என்றால், ஆயில் சம்ப்பை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். அநேகமாக மாற்றியிருப்பீர்கள். சில்வராடோவின் சம்ப் ஆழமானது, சி10இன் கிராஸ்மெம்பருக்குக் கீழே தொங்கும், வண்டியைத் தாழ்த்தினால் ரோட்டில் உரசும். அதனால் 1998–2002 கமாரோவின் சம்ப்பையோ மாற்றத்துக்கென்றே விற்கும் சம்ப்பையோ போடுகிறோம். சம்ப்போடு உறிஞ்சு குழாயும் மாற வேண்டும். அந்தக் குழாய் ஆயில் பம்ப்பில் நுழையும் இடத்தில் ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையம். அது தப்பான அளவாக இருந்தாலோ, செருகும்போது நசுங்கியிருந்தாலோ பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். ஒற்றை போல்ட்டில் நிற்கும் குழாய் என்பதால், போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைத்தாலே ஓ-ரிங் கோணலாகிவிடும். ஆயில் தடவி, கையாலேயே நேராக முழுக்க அழுத்தி உட்கார வைத்து, அப்புறம்தான் போல்ட்.

மறுபடி சம்ப்பைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி, வண்டியின் மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓ-ரிங் ஆயிலுக்குள் மூழ்கும். பிரஷர் சட்டென்று ஏறினால் குற்றவாளி அதுதான். பார்த்ததும் கூடுதல் ஆயிலை வடித்துவிட மறக்காதீர்கள். சம்ப்பைத் திறக்கும்போது குழாயின் வாய்க்கும் சம்ப்பின் அடிக்கும் இடைவெளியையும் களிமண் உருண்டை வைத்து அளந்துகொள்ளுங்கள். கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

ஹீட் ஆகிறது

சிக்னலில் நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? காற்றுதான் போதவில்லை. மின்விசிறி ஓடுகிறதா, ஓடினாலும் சரியான திசையில் இழுக்கிறதா, ரேடியேட்டர் முழுவதையும் மூடும் ஷ்ரவுட் இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி ரிலேயை ஈசிஎம் எர்த் கொடுத்துத்தான் போடும். இன்ஜினே சுற்றும் கிளட்ச் விசிறி இருந்த வண்டியின் ஈசிஎம் என்றால் மின்விசிறிக் கட்டளையே அதில் திறந்திருக்காது. மேலே சொன்ன மென்பொருள் வேலை அதற்குத்தான்.

ஓடும்போதும் ஏறுகிறது, அல்லது முள் குதித்துக் குதித்து விழுகிறது என்றால் ஏர் லாக். பழைய வி8 பழக்கத்தில் இருப்பவர்கள் இங்கே தவறுவதில் ஆச்சரியமில்லை. இந்த இன்ஜினின் ஹெட்டுகளின் உச்சியில் நீராவி வெளியேற மெல்லிய குழாய் உண்டு. யார்டில் எடுக்கும்போது வளைந்துவிடும். இது எதற்கு என்று பிளக் அடித்துவிடுவார்கள். அடித்தால் ஹெட்டின் உச்சியில் நீராவி தங்கி அந்த இடம் மட்டும் வேகும், கேஜில் உடனே தெரியாது. அதை ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கோ வாட்டர் பம்ப்பின் மேல்பக்கத்துக்கோ தொடர்ந்து ஏறும்படி இணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்து ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டும் இடம் மாறியிருக்கிறது. பழையதில் தண்ணீர் வெளியேறும் வாயில். இதில் வாட்டர் பம்ப்பில் நுழையும் வாயில். ஹீட்டர் ஹோஸ் வழியாகச் சுற்றிவரும் சுடுதண்ணீர்தான் அதைத் திறக்க வைக்கிறது. ஹீட்டர் வேண்டாம் என்று இரண்டு முனையையும் அடைத்தால் தெர்மோஸ்டாட் நேரத்துக்குத் திறக்காது. இரண்டையும் ஒரே ஹோஸால் இணைத்துச் சுற்ற விடுங்கள். பழைய ஹீட்டரில் அடைப்பு வால்வு இருந்தாலும் இதே விளைவுதான்.

ஹீட் ஆகவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் ஹெட்டைப் பாருங்கள். 706 என்ற வார்ப்பு எண் உள்ள ஹெட்டுகளில், காஸ்டெக் என்ற வார்ப்பாலையின் சின்னம் இருப்பவற்றில் சில வால்வு கவருக்குள் விரிசல் விட்டு தண்ணீரை ஆயிலில் கசிய விடும். இது மட்டும் இணைப்பின் குற்றமில்லை, இன்ஜினோடு வந்தது. ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட்டால் வேலை மிச்சம்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, நிற்கப்போகும்போது அணைகிறது

காற்று எங்கேயோ அளவில்லாமல் நுழைகிறது. ஏர் ஃப்ளோ சென்சாரில் ஓட்டத்தின் திசைக்கு அம்புக்குறி உண்டு. தலைகீழாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் ரப்பர் ஜாயின்ட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. இன்டேக்கின் பின்புறம் பிரேக் பூஸ்டருக்கான வாய் இருக்கிறது. சி10இல் முன் டிஸ்க் பிரேக் 1971இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டிரம் வண்டிகளில் பூஸ்டர் இல்லாமலிருந்தால் அந்த வாய் திறந்தே கிடக்கும், எட்டிப் பார்க்காமல் தெரியாது.

காலைக் குளிரில் மட்டும் பி0171, பி0174 என்ற லீன் கோடுகள் (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பவை) வந்து, சூடானதும் சரியாகிறதா? இன்டேக் கேஸ்கட் காய்ந்து இறுகியிருக்கிறது. மாற்றும்போது கையோடு அதற்கடியில் உள்ள நாக் சென்சார் இரண்டையும் பாருங்கள், பின்னது தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். சைலன்சர் பைப் ஜாயின்ட் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தாலும் ஈசிஎம் பொய்யாக லீன் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும்.

பழைய மேனுவல் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டவர்களுக்கு இன்னொன்று: ஸ்பீடு சிக்னல் இல்லாவிட்டால் வண்டி உருளுகிறதா நிற்கிறதா என்று ஈசிஎம்முக்குத் தெரியாது. கிளட்சை மிதித்து நிறுத்தப்போகும்போது அணைவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

வளைவில் மூச்சு வாங்குகிறது, அரை மணி ஓடியபின் இழுவை இல்லை

கால் டேங்க்குக்குக் கீழே, வளைவில் மட்டும் என்றால் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறது. பழைய டேங்க்குக்குள் தடுப்புத் தகடு இல்லை. கார்பரேட்டரில் ஒரு குட்டித் தொட்டி இருந்து சமாளித்தது. இன்ஜெக்டர் ஒரு நொடிகூடப் பொறுக்காது. தடுப்பும் உள்ளேயே பம்ப்பும் உள்ள டேங்க்தான் நிரந்தரத் தீர்வு.

அரை மணி கழித்து இழுவை குறைந்து, டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகிறதா? காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வெளியே மாட்டிய பம்ப் டேங்க்கை விட உயரத்தில் இருந்தாலும் சூட்டில் முனகி ஓய்ந்துவிடும். அதைக் கீழே, டேங்க்குக்கு அருகில் இறக்குங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த வண்டிகளில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், நாம் உட்காரும் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. 58 பிஎஸ்ஐ லைனை அங்கே கொண்டுவராதீர்கள். டேங்க்கைப் பின்னால் ஃபிரேமுக்கு மாற்றிவிடுங்கள். ரப்பர் ஹோஸ் போடும் இடங்களில் கார்பரேட்டர் ஹோஸ் வேண்டாம். எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸும் அதற்கான கிளாம்ப்பும் போடுங்கள். ரெகுலேட்டருக்கு 1999–2003 கார்வெட்டின் ஃபில்ட்டர் வசதியானது, 58க்கான ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. ரிட்டர்ன் லைன் ஃபில்ட்டரிலிருந்தே டேங்க்குக்குத் திரும்பிவிடும்.

மிதித்தாலும் எழவில்லை

கேபிள் த்ராட்டில் என்றால் பழைய பெடலின் வீச்சு போதாமல் பாதிதான் திறக்கும். ஒருவர் மிதிக்க, மற்றவர் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் பெடல், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, த்ராட்டில் பாடி, ஈசிஎம் நான்கும் ஒரே வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

குளிரில் டிக் டிக், சூடானால் நிற்கிறது

பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைந்திருக்கும். வால்வைத் தூக்கும் லிஃப்டர் என்று பயந்து ஹெட்டைப் பிரிக்காதீர்கள். கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஃபயர்வால் பக்க போல்ட்டுகளை எண்ணுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முனகுகிறது

பழைய டிஎச்350, டிஎச்400 பெட்டியை அப்படியே மாட்டினால் கவனிக்க வேண்டியது இது: 5.3இன் கிராங்க் முகம் பழைய வி8ஐ விட 0.4 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஸ்பேசரும் அதற்கான ஃபிளெக்ஸ்பிளேட்டும் (கிராங்க்கில் மாட்டும் தகடு) இல்லாவிட்டால், இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் கன்வர்ட்டர் பெட்டியின் பம்ப்பில் முழுதாக நிற்காது. பெல் ஹவுசிங் போல்ட் இறுக்கிய பிறகும் கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ்பிளேட்டைத் தொட 1/8 முதல் 3/16 அங்குலம் முன்னால் வர வேண்டும். சுற்றவில்லை என்றால் கன்வர்ட்டர் பல்லில் உட்காரவில்லை. போல்ட்டால் இழுக்காமல் பெட்டியைக் கழற்றுங்கள். முனக ஆரம்பித்தபின் ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்ப் போய்விடும்.

சாவியை எடுத்தும் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை

சாவியை எடுத்ததும் ஒன்றிரண்டு நொடி ஓடி அணைந்தால், சுழன்றுகொண்டிருக்கும் மின்விசிறி ஜெனரேட்டராக மாறி ரிலேயைப் பிடித்து வைக்கிறது. விசிறியின் கரன்டை இக்னிஷன் ரிலேயிலிருந்து பிரித்துவிடுங்கள். அணையவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டரின் எல் முனையிலிருந்து கரன்ட் திரும்பி வருகிறது. அந்த முனைக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே ரெகுலேட்டர் கருகி சார்ஜும் நின்றுவிடும். நடுவில் பழைய டாஷ்போர்டின் சார்ஜ் பல்போ ஒரு ரெசிஸ்டரோ இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் பழைய மெல்லிய ஒயரையும் மாற்றுங்கள். புது ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியருக்கு மேல் தள்ளும், அந்த ஒயர் சுடும்.

ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை என்றால் அது கோளாறே இல்லை. 4எல்60ஈ என்ற புது ஆட்டோமேட்டிக் பெட்டியில் கேபிள் மாட்டும் இடம் கிடையாது. எலக்ட்ரானிக் சிக்னலை வாங்கி பழைய கேபிளைச் சுற்றும் சிறு மோட்டார் பெட்டி கிடைக்கிறது. அதைப் போட்டால் 1970இன் முள்ளே மறுபடி ஓடும்.